சித்தூரில் பிறந்த சேர்ந்திசைக்காரர்

சித்தூர்ச் சீமைக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் பெயர்கள் இரண்டு உண்டு. புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பயின்று, 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை ஒருவர். 'தியாகையா' படத்தில் தியாகராஜராகவே வாழ்ந்து காட்டிய சித்தூர் வி. நாகையா இன்னொருவர். நாகையா பிறந்தது ரேபல்லெ என்றாலும், பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துக்கொண்டதால் நம்மவராகிவிட்டார். சித்தூரிலேயே பிறந்த மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயருக்கு முன்னால் சித்தூர் இல்லை. அதனால்தானோ என்னவோ, நம் விழா மேடைகளில் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்தான் எம்.பி. சீனிவாசன்.

'எம்' என்ற எழுத்து மானாமதுரையைக் குறிக்கும். கடத்துக்குப் பேர்போன அந்த ஊர்தான் அவருடைய பூர்வீகம். 'பி' தந்தையார் பாலகிருஷ்ணன். பிறந்த தேதி 19-9-1925. அன்றைக்குச் சித்தூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. வடாற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911-இல்தான் சித்தூர் என்று தனி மாவட்டமே உண்டாக்கினார்கள். ஆகவே ஒரு மானாமதுரைக் குடும்பம் சித்தூரில் இருந்தது அன்று அதிசயம் அல்ல. நம்மில் பலருடைய பாட்டன்மார் கதையும் அப்படித்தானே.

சென்னையில் வளர்ந்த சீனிவாசன் இளம் வயதிலேயே மாணவர் இயக்கத்திலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் ஈடுபட்டார். 1943-இல் பம்பாயில் தொடங்கிய இந்திய மக்கள் நாடக மன்றம் (சுருக்கமாக 'இப்டா' என்பார்கள்) நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து நாட்டுப்பாடல்களைத் திரட்டி, அவற்றைக் கும்பலாகப் பாடும் வழக்கத்தை வளர்த்தது. சீனிவாசனின் இசை அந்த வட்டாரத்தில் உருவானது. அவர் மணந்துகொண்ட ஜாஹிதா, பஞ்சாபின் சுதந்திரப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மகள். 1919 ஏப்ரலில் இந்தக் கிச்லுவையும் டாக்டர் சத்யபாலையும் கைது செய்ததை எதிர்த்து எழுந்த கொந்தளிப்புத்தான் ஜாலியன்வாலாபாகில் போய் முடிந்தது. தமிழ் அய்யர் வீட்டுப் பையனும் காஷ்மீர வம்சத்து முஸ்லிம் பெண்ணும் சென்னையில் குடித்தனம் நடத்தினார்கள். மகனுக்குக் கபீர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒன்றே அவர்கள் மனதைச் சொல்லிவிடுகிறது.

சினிமாவில் அவர் பெயரை நிலைநிறுத்திய தமிழ்ப் படம் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' (1960). படம் ஓடவில்லை. ஆனால் அதில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய தென்னங்கீற்றுப் பாட்டு இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கிறது. மறு ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி, 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்காகச் சென்னையில் ஓர் இளைஞனை ஒலிவாங்கிக்கு முன் நிறுத்தி, ஸ்ரீநாராயண குருவின் வரிகளைப் பாட வைத்தார். அந்த இளைஞன் கே.ஜே. யேசுதாஸ். பிறகு அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்களுக்கும், ஓ.என்.வி. குறுப்பின் பாடல்களுக்கும் இசையமைத்துக் கேரளத்தில் வீட்டுப் பெயராகவே ஆகிவிட்டார். திரைப்பட வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்ததில் அவருக்குத் தலையாய பங்கு உண்டு. அதை மட்டுமே தனிக் கட்டுரையாக எழுதலாம், இங்கே இடமில்லை.

நான் எழுத வந்தது அவர் சினிமாவைப் பற்றி அன்று. 1970-களின் தொடக்கத்தில் அவர் அமைத்த மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவைப் பற்றி. அதைத் தமிழில் சேர்ந்திசைக் குழு என்பார்கள். தெலுங்கில் பிருந்தகானம்.

"கும்பலாகப் பாடுவது நமக்குப் புதிதா?" என்று அன்பர்கள் கேட்கலாம். கும்பலாகப் பாடுவது புதிதல்ல. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை சேவிக்கப்படுகிறது; தெலுங்கு நாட்டின் உச்சியில் தமிழ் ஒலிக்கும் மாதம் அது. பிரபந்த கோஷ்டியில் இரண்டு வரிசையாக நின்று மாறி மாறிச் சொல்லும் முறையும் இருக்கிறது. பஜனை மடங்களில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். 2009 மே மாதத்தில் செகந்திராபாத் பரேடு மைதானத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே சமயத்தில் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பாடினார்கள். ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு: நூறு பேர் பாடினாலும் லட்சம் பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். சேர்ந்திசை என்று எம்.பி.எஸ். சொன்னது வேறு. அங்கே ஒரே பாட்டை நான்கு குழுக்கள் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு மெட்டில் பாடும். கேட்பவர் காதுக்கு அது ஒரே பாட்டாகப் போய்ச் சேரும்.

இது எப்படி முடியும் என்பதைத் தம்புராவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். தம்புராவின் நான்கு கம்பிகளையும் பஞ்சமம், ஸட்ஜம், ஸட்ஜம், மந்த்ர ஸட்ஜம் என்றுதான் கூட்டுகிறோம். காந்தாரக் கம்பி என்று ஒன்று கிடையாது. ஆனாலும் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் காது வைத்துக் கேட்டால் அந்தர காந்தாரம் தானாகவே மெல்லக் கேட்கும். வித்துவான்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். ஸட்ஜம் விநாடிக்கு 240 அதிர்வு என்றால் அந்தக் காந்தாரம் 300, பஞ்சமம் 360. நான்குக்கு ஐந்துக்கு ஆறு என்ற எளிய விகிதம். இந்த மூன்று ஸ்வரமும் ஒன்றாக ஒலித்தால் காது அதை இரைச்சலாக எடுத்துக்கொள்ளாது. ஒரே நிறைந்த ஒலியாக எடுத்துக்கொள்ளும். மேல்நாட்டார் இந்தச் சேர்க்கையிலிருந்து ஒரு பெரிய கட்டடத்தையே எழுப்பிவிட்டார்கள். நாம் அதே ஒலியைத் தம்புராவுக்குள்ளேயே வைத்துவிட்டு, அதன் மேல் தனி மனிதரின் கற்பனையை வளர்த்தோம். இரண்டும் பெரிய காரியந்தான்.

நம் இசை ஏன் அந்தக் கட்டடத்தை எழுப்பவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, நம் ஸ்வரங்கள் நின்ற இடத்தில் நிற்பவை அல்ல. தோடியின் காந்தாரத்தைப் பிடித்துவைத்து இதோ இதுதான் என்று காட்ட முடியுமா? கமகத்தோடு அசைந்துகொண்டே இருக்கும் ஸ்வரத்தோடு இன்னொரு ஸ்வரத்தைப் பொருத்துவது ஓடும் ரயிலில் ஏறுவது போல. இரண்டாவது, ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைத் தொடக்கூடாது. மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம். இதில் ஸ-க-ப என்ற கூட்டு கிடைக்கும், த-ஸ-க என்ற கூட்டு கிடைக்கும். அதற்கு மேல் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்து ஒரு கூட்டு வேண்டுமென்றால் நிஷாதம் வேண்டும். நிஷாதம் வந்தால் மோகனம் போய்விடும். மேல்நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே நம் மெட்டுக்குக் கூட்டுக் குரல் சேர்த்தால் பாட்டு பாதி ஊர் போய்ப் பாதி வழியில் நின்றுவிடும். சினிமாவில் அப்படி நின்ற பாட்டுகள் அநேகம்.

இதற்குச் சேர்ந்திசைக்காரர்கள் கண்ட வழிகள் பல. ஒரு குழு ஸட்ஜத்தையோ பஞ்சமத்தையோ நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்க மற்றொரு குழு மெட்டைப் பாடுவது ஒன்று. இது தம்புராவையே மனிதக் குரலாக்குவது. மெட்டு ஏறும்போது எதிர்க்குரல் இறங்குவதும், மெட்டு ஓய்ந்த இடத்தில் எதிர்க்குரல் நிரப்புவதும் இன்னொன்று. கட்டியம் கூறுவதுபோல் தாளச் சொற்களை மட்டும் ஒரு குழு சொல்லிக்கொண்டிருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது 'துரத்திப் பாடுதல்'. ஒரு குழு பாடத் தொடங்கி ஓர் ஆவர்த்தனம் முடித்ததும், அடுத்த குழு அதே வரியை முதலிலிருந்து தொடங்கும். கூட்டிப் பார்த்தால் இரண்டு மெட்டு. உண்மையில் ஒரே மெட்டுத்தான்.

இந்த விளையாட்டுக்கு எல்லா ராகமும் ஒத்துவராது. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் அடுத்தடுத்த இரண்டு ஒன்றாக ஒலித்தால் காது கூசும். நாம் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளையில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்று நான்கு இடங்களில் அப்படி உரசல் இருக்கிறது. மோகனத்திலோ ஓர் இடத்தில்கூட இல்லை. எந்த ஸ்வரமும் எந்த ஸ்வரத்தோடும் சண்டை போடாது. ஆகவே மோகனத்தில் எட்டு வயதுப் பிள்ளைகள்கூடத் துரத்திப் பாடலாம். கொஞ்சம் பிசகினாலும் அபஸ்வரமாகத் தெரியாது. சரளி வரிசைக்கு மாயாமாளவகௌளை, சேர்ந்திசைக்கு மோகனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சௌகரியமும் இதில் உண்டு. நம் சங்கத்தில் எல்லாரும் சேர்ந்து கடவுள் வாழ்த்துப் பாடும்போது என்ன நடக்கிறது? பெண்களுக்கு ஐந்து கட்டை சௌகரியம். ஆண்களுக்கு ஒன்றோ ஒன்றரையோ. யாராவது ஒருவர் எடுத்த சுருதியில் எல்லாரும் பாட வேண்டும். மூன்றாவது வரியில் ஆண்கள் பாதிப்பேர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். பல குரலாகப் பிரித்துப் பாடும்போது அவரவர் குரல் எட்டும் இடத்திலேயே அவரவருக்கு ஒரு மெட்டு கிடைக்கிறது. குரல் வித்தியாசத்தை மறைக்க வேண்டியதில்லை.

எம்.பி.எஸ்ஸுக்கு முன்னாலேயே நம் நாட்டில் இந்த முயற்சி தொடங்கிவிட்டது. 1950-களில் சலில் சௌத்ரி பம்பாயில் யூத் கொயர் அமைத்தார். 1958-இல் ரூமா குஹா தாகுர்தா கல்கத்தாவில் ஒன்று அமைத்தார். எல்லாருமே இப்டா தொடர்பு உள்ளவர்கள். தேவாலயங்களில் பல குரல் பாட்டு அதற்கு வெகு காலம் முன்பே உண்டு. நம் பக்கத்து மிஷன் கோயில்களில் ஞானப்பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். அந்த முறையைக் கோயிலுக்கு வெளியே, பாரதிக்கும் பாரதிதாசனுக்கும் நாட்டுப்பாடலுக்கும் கொண்டுவந்ததுதான் எம்.பி.எஸ். தமிழுக்குச் செய்த பெரிய காரியம். அவர் மெட்டுகள் பெரும்பாலும் எளிய ராகச் சாயலில் இருக்கும். பாடியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். படித்துக்கொண்டும் வேலைக்குப் போய்க்கொண்டும் இருந்த இளைஞர்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம், இந்தி என்று பல மொழிகளில் பாடினார்கள். பாடும் மொழியெல்லாம் பாடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டால் போதும்.

இங்கே மதனபள்ளியையும் சொல்லியாக வேண்டும். அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனபள்ளியில் உள்ள தியாசபிகல் கல்லூரிக்கு 1919 பிப்ரவரியில் தாகூர் வந்து தங்கினார். தம் ஜனகணமனவை அங்கே பாடிக் காட்டினார். பிப்ரவரி 28-ஆம் தேதி அதை ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தார். கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் அயர்லாந்தில் முறையாகச் சங்கீதம் படித்தவர். அவர்தான் அந்த மெட்டை ஸ்வரக் குறிப்பாக எழுதினார். வங்காளப் பாட்டைத் தெலுங்கு நாட்டு மாணவர்கள், ஓர் அயர்லாந்து அம்மையார் எழுதிய குறிப்பிலிருந்து சேர்ந்து பாடினார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில் எம்.பி.எஸ். பிறந்தார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

1980-களில் பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பல மொழிப் பாடல்களைச் சேர்ந்து பாடக் கற்பிக்கும் பணியில் எம்.பி.எஸ். ஊர் ஊராக அலைந்தார். 1988 மார்ச் 9-ஆம் தேதி லட்சத்தீவில் இருந்தபோது காலமானார். வயது அறுபத்து மூன்று ஆகவில்லை. மெட்ராஸ் யூத் கொயர் அவரோடு நின்றுவிடவில்லை. அவரிடம் பயின்றவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு சேர்ந்திசைக் குழு தோன்றியது. பிறந்த சித்தூர்ப் பக்கத்தில்தான் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் நம் சங்க மலரில் ஏன் எழுதுகிறேன் என்றால், நம் பிள்ளைகளின் தமிழ் எனக்குக் கவலையாக இருக்கிறது. புத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு எலும்புக் கட்டுதான் நினைவுக்கு வரும். இங்கே எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்பது நமக்குத்தான் தெரியும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படிப்பது தெலுங்கும் ஆங்கிலமும். பொங்கல் விழாவில் பாடும் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். இதைப் பார்த்துச் சில பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நான் அடித்துக்கொள்ள மாட்டேன். தெரியாத மொழியைச் சொந்த எழுத்தில் எழுதி வைத்தாவது பாடிவிட்டால், அந்த மொழி வாயில் ஒட்டிக்கொள்ளும். தெலுங்கு எழுத்தில் எழுதினால் ழகரம் ளகரமாகிவிடுகிறது என்பது உண்மை. அதை வாயால் சொல்லித்தான் திருத்த வேண்டும். நாற்பது பேர் சேர்ந்து ழகரத்தைச் சொல்லும்போது கூச்சப்படும் பிள்ளைக்கும் அது வந்துவிடுகிறது. தனியாக எழுப்பி நிறுத்தினால் வராது. அந்தக் கூச்சத்தால்தான் பத்து வயதுக்கு மேல் நம் பிள்ளைகள் மேடையில் தமிழ் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பாட்டு என்றால் இப்போது கரோக்கி ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை மட்டும் முன்னால் நிறுத்துகிறோம். மற்ற பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். தமிழ் ஒரு பிள்ளைக்குப் போகிறது, கைதட்டல் நாற்பது பேருக்குப் போகிறது.

பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா என்று ஒரு சின்ன நாடு. ஜனத்தொகை பதின்மூன்று லட்சத்தைச் சுற்றித்தான். பல நூற்றாண்டுகள் அயலார் ஆட்சியில் இருந்த நாடு. 1869-இல் தார்த்து என்ற ஊரில் முதல் பாட்டுத் திருவிழா நடத்தினார்கள். ஊர் ஊராகச் சேர்ந்திசைக் குழுக்கள் வந்து தங்கள் மொழியில் பாடின. அந்த வழக்கம் விடவில்லை. 1988-இல் சோவியத் ஆட்சிக்கு எதிராக லட்சக்கணக்கானோர் தலைநகர் தாலினில் திரண்டு பாடினார்கள். 1991-இல் நாடு விடுதலை அடைந்தது. நமக்கு இங்கே அப்படி ஒரு அடக்குமுறையும் இல்லை. தெலுங்கு மக்கள் நம்மைச் சொந்தமாகவே நடத்துகிறார்கள், அதை நன்றியோடு சொல்ல வேண்டும். நம் மொழி தேய்ந்தால் அதற்குக் காரணம் நம் சோம்பல்தான்.

ஆகவே வரும் பொங்கலுக்கு ஒரு பாட்டையாவது பல குரலில் பாடுவோம் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மோகனத்தில், ஆதி தாளத்தில், பாரதியின் ஒரு பாட்டு. ஒலிப்பதிவு கிடையாது; ஒரு சுருதிப் பெட்டி போதும். பிள்ளைகள் இரண்டு குழுவாகத் துரத்திப் பாடுவார்கள். தாய்மார்கள் மெட்டைப் பிடிப்பார்கள். கீழே மந்த்ர ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீட்டிப் பிடிக்க ஆண்குரல் வேண்டும். கஷ்டமே இல்லாத வேலை, இரண்டே ஸ்வரம். ஆனால் அது இல்லாவிட்டால் மேலே பாடுபவர்களுக்குக் காலூன்ற இடம் இருக்காது. பிள்ளைகள் இருபத்தாறு பேர், தாய்மார்கள் பதினொரு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். தந்தைமார் இதுவரை இரண்டு பேர். ஞாயிறு மாலை பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பவர்கள் குறைந்தது எட்டுப் பேராவது இருப்பார்கள். அவர்கள் உள்ளே வந்தால் ஒத்திகையை அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.